கம்பி அசைந்தது உண்மைதான்

அன்புள்ள ராமநாதனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அனைவரும் நலம். பேத்திக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது.

நடையோடு, கையில் கம்பி பிடித்து நிலத்தடி நீர் இருக்கும் இடத்தைச் சொல்லும் நீரோட்டம் பார்க்கவும் தொடங்கியிருக்கிறாய் என்பதுதான் எனக்குப் புதுச் செய்தி. கம்பிகள் இரண்டும் தாமாகவே குறுக்கிட்டுக்கொண்டன, உடம்பு சிலிர்த்தது என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். நீ பொய் சொல்கிறவன் அல்ல. ஆனால் 'கம்பி அசைந்தது' என்பதிலிருந்து 'தண்ணீர் அசைத்தது' என்பதற்கு ஒரே தாவலில் போய்விட்டாயே, அங்கேதான் உன்னோடு எனக்கு வழக்கு.

ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளருக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. நூலில் கட்டிய இரும்பு வளையத்தைப் பாதரசத்துக்கு மேலே பிடித்தார், அது ஊசலாடியது. நடுவே கண்ணாடித் தகடு வைத்தால் ஆட்டம் அடங்கியது. ஏதோ ஒரு சக்தியைக் கண்ணாடி தடுக்கிறது என்று அவர் அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தம் கண்களைக் கட்டிக்கொண்டு, தமக்குத் தெரியாமல் தகட்டை வைக்கவும் எடுக்கவும் இன்னொருவரிடம் சொன்னார். அப்போது தகட்டால் ஒரு வித்தியாசமும் இல்லை. எதிர்பார்ப்பு மனத்தில் இருந்தாலே விரல்கள் நமக்குத் தெரியாமல் அசைகின்றன என்று 1833-இல் இயற்பியலாளர் ஆம்பியருக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். தன் கையையே சந்தேகித்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வணங்கத் தோன்றுகிறது.

"காட்டிய இடத்தில் தோண்டினார்கள், தண்ணீர் வந்தது" என்கிறாய். நிலத்தடி நீர் பெரும்பாலும் குழாயில் ஓடுவதுபோல ஓடுவதில்லை. மண்ணின் துளைகளிலும் பாறை வெடிப்புகளிலும் பரந்து நிறைந்திருக்கிறது. பல இடங்களில் எங்கே தோண்டினாலும் ஓர் ஆழத்தில் அது கிடைக்கும். கம்பி காட்டாத இடத்தில், இருபதடி தள்ளி, இன்னொரு குழியை யாராவது தோண்டிப் பார்த்தார்களா?

ஜெர்மனியில் 1987-88-இல் நடந்த மியூனிக் சோதனையையும் நீ சான்றாகக் காட்டியிருக்கிறாய். நீரோட்டம் பார்க்கும் ஏறத்தாழ 500 பேரிலிருந்து 43 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்திலிருந்து கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மொத்தம் 843 முயற்சிகள். ஒருசிலருக்கு உண்மையிலேயே திறன் உண்டு என்றார்கள் நடத்தியவர்கள். அதே எண்களை எடுத்து ஆராய்ந்த என்ரைட் என்ற அமெரிக்க அறிவியலாளர், ஒரு சுற்றில் அசத்தியவர் அடுத்த சுற்றில் அப்படிச் செய்யவில்லை, இது வெறும் தற்செயல் என்றார். எனக்கு என்ரைட் சொல்வதே சரியாகப் படுகிறது. திறன் என்றால் மறுநாளும் இருக்க வேண்டாமா?

பழைய கற்களையும் கோயில்களையும் இணைக்கும் 'லே' கோடுகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். 1921-இல் அதைச் சொன்ன ஆல்ஃபிரட் வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேயர், அவை பழங்காலப் பாதைகள் என்றுதான் நினைத்தார். பூமியின் ஆற்றல் என்ற பேச்செல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. வரைபடத்தில் புள்ளிகள் போதுமான அளவு இருந்தால் நேர்கோடுகள் தாமாகவே கிடைக்கும்.

உன்னைப் போன்றவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று ஏசுகிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. சோதித்துப் பார்க்காமல் ஏசுவதும் ஒருவித நம்பிக்கைதானே.

அதனால் அடுத்த மாதம் நான் வரும்போது சோதிப்போம். ஒரே மாதிரியான பத்துப் பெட்டிகள், ஒன்றின் அடியில் மட்டும் தண்ணீர்ப் புட்டி. எதில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து வைத்துவிட்டு, வைத்தவர் அந்த இடத்தை விட்டே போய்விட வேண்டும். இருபது தடவை பார்ப்போம். குருட்டாம்போக்கில் சராசரியாக இரண்டு சரியாகும். நீ எட்டைத் தொட்டால் நான் சொன்னதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு உன்னிடமே கம்பி பிடிக்கக் கற்றுக்கொள்கிறேன். தேங்கிய நீரைக் காட்டாது, ஓடும் நீரைத்தான் காட்டும் என்றால் இப்போதே எழுதிவிடு. அதற்கேற்ப ரப்பர் குழாய்க்கு ஏற்பாடு செய்துகொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்