அம்மாவின் விபத்து இழப்பீடு குறித்து

அன்பு மகளுக்கு,

அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை வருகிறாள். தொடை எலும்பு நன்றாகக் கூடிவருவதாக டாக்டர் சொன்னார். "ஓடிப்போன வண்டியை எங்கே தேடுவது? இழப்பீடாக வரும் அந்த ஐம்பதாயிரத்தை நான் அனுப்பிவிடுகிறேன், நீங்கள் அலையாதீர்கள்" என்று நீ சொன்னாய். அலைவதற்குக் காரணம் இருக்கிறது.

அறுவடைக் காலத்தில் பாபநாசம் சாலையின் ஒரு பக்கம் முழுவதும் நெல் காய்வது நீ அறிந்ததே. அந்த நெல்லைச் சுற்றிக்கொண்டு தார்மேல் ஏறி நடந்தவளைத்தான் வண்டி தட்டிவிட்டு நிற்காமல் போனது. நெல் காயவைத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன்; ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுப்பதில்லை, களமும் இல்லாதவர் வேறு எங்கே போவார்?

வண்டி யாருடையது என்று தெரியாவிட்டாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயமே. 2022 ஏப்ரலுக்கு முன் இவை வெறும் 25,000, 12,500 ரூபாயாக இருந்தன. இது யாருடைய தயவுமன்று, வாகன இன்சூரன்ஸ் பணத்திலிருந்து இதற்கென்றே ஒதுக்கப்படும் நிதி. அது இருக்கும்போது, எவனோ மோதிவிட்டு ஓடியதற்கு நீ ஏன் உன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும்?

எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஆஸ்பத்திரியில் முதலில் எழுதும் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல்தான். பதற்றத்தில் "ரோட்டில் விழுந்துவிட்டார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், தானே விழுந்ததாகப் பதிவாகிவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. அம்மாவை ஆட்டோவில் ஏற்றிப்போன நம் தெருப் பையன், அடையாளம் தெரியாத வாகனம் மோதியது என்று இடமும் நேரமும் சேர்த்து எழுதி முடிக்கும்வரை அந்த மேஜையை விட்டு நகரவில்லை. அவனுக்கு நாம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

காவல் நிலையத்தில் முதலில் வழக்குப் பதியாமல் மனு ரசீது மட்டும் கொடுத்தார்கள். விடாமல் கேட்டு எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கிவிட்டேன். வழக்குப் பதிந்து ஒரு மாதத்துக்குள் வண்டி அகப்படாவிட்டால், இந்த இழப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குக் காவல்துறையே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நமக்கு அப்படி ஒரு தாளும் வரவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்கு இதை யார் சொல்வார்கள் என்று நினைக்கும்போது மனம் கொதிக்கிறது.

மனுவைக் கும்பகோணம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப்போகிறேன். அங்கிருந்து விசாரணை அறிக்கை கலெக்டருக்குப் போய், அவர் உத்தரவிட்டதும் பணம் அம்மாவின் கணக்குக்கே வரும். பின்னாளில் வண்டி அகப்பட்டால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு கேட்கலாம்; இத்தொகையை அதில் கழித்துக்கொள்வார்கள்.

ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் நீ ஜிபேயில் கட்டிய பில்கள் உன் மெயிலில் இருக்கும். அவற்றைப் பிரிண்ட் எடுத்து இந்த வாரமே கூரியரில் அனுப்பிவிடு. பாஸ்புக் நகலும் டிஸ்சார்ஜ் சம்மரியும் தயாராக இருக்கின்றன. உன் பில்கள் வந்ததும் மனுவைக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா