பேத்திக்கும் பேரனுக்கும் பள்ளிக்கூடம்

அன்புள்ள மகளுக்கு,

புனேயை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்ததும் பிள்ளைகளைச் சேர்க்க நீ அனுப்பிய பள்ளிப் பட்டியலைப் பார்த்தேன். சிபிஎஸ்இ, மெட்ரிக் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறாய். அது பாடத்திட்டக் கணக்கு. தமிழ்நாட்டில் பிள்ளைக்குப் பின்னாளில் கிடைக்கிற ஒதுக்கீடும் உதவித்தொகையும் வேறு இரண்டைப் பார்த்துத்தான் வரும்: பள்ளியை நடத்துவது யார், பாடம் நடப்பது தமிழ் வழியிலா ஆங்கில வழியிலா. புனேயில் இருந்துகொண்டு இதெல்லாம் தெரிய வழியில்லை. அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

மெட்ரிக் சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடலாம். 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தபிறகு மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல், மாநில வாரியம் நான்குக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பொதுத்தேர்வு. மெட்ரிக் என்றால் இன்று சுயநிதித் தனியார் பள்ளி என்று மட்டும் எடுத்துக்கொள். பாடம் கூடுதலாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

நடத்துகிறவர் கணக்கில் மூன்று வகை. முதலாவது அரசுப் பள்ளி: ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலத்துறை, கள்ளர் சீரமைப்புத் துறை நடத்துபவையும் இதில்தான் சேரும். அடுத்தது அரசு உதவி பெறும் பள்ளி: நிர்வாகம் தனியாருடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. மூன்றாவது சுயநிதிப் பள்ளி. இதில் ஜனங்கள் ஏமாறுவது நடு வகையில். பழைய, பெயர் பெற்ற உதவி பெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதே வளாகத்தில் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவும் ஓடும். சீருடை ஒன்று, தலைமையாசிரியர் ஒருவர், கட்டணம் மட்டும் வேறு. சேர்க்கைக்குப் போகும்போது "இந்தப் பிரிவு உதவி பெறுவதா, சுயநிதியா?" என்று வாய்விட்டுக் கேள்.

பேத்தி ஆறாம் வகுப்புக்கு வருகிறாள். யோசிக்க வேண்டிய இடமே இதுதான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று விரிந்தது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளியில் படித்தால் இது கிடையாது. எட்டாம் வகுப்புக்கு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் கதவு மூடிவிடும். (கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நமக்குப் பொருந்தாது.) அரசுப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவில் படித்தாலும் 7.5 போகாது.

பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில், கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்குதான். ஆனால் அதில் உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவிகளையும் பிறகு சேர்த்தார்கள். பையன்களுக்கு இதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது.

மூன்றாவது சலுகை, தமிழ் வழியில் படித்தோருக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை. இது பள்ளி வகையைப் பார்க்காது, பயிற்று மொழியைப் பார்க்கும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும். பேத்திக்கு அது போய்விட்டது. ஒன்றாம் வகுப்பில் சேரப்போகும் பேரனுக்கு இன்னும் இருக்கிறது. அவனை அரசுப் பள்ளித் தமிழ் வழியில் போட்டால் மூன்று சலுகையும் அவன் கையில். மாப்பிள்ளை முகம் சுளிப்பார், தெரியும். இருந்தாலும் சொல்லிவை.

பேரனுக்கு வயதுக் கணக்கும் பார்க்க வேண்டும். மாநிலப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31க்குள் 5 முடிந்திருந்தால் போதும். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31க்குள் 6 முடிந்திருக்க வேண்டும். அங்கே மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத்தான் முன்வரிசை, மாப்பிள்ளை தனியார் வேலை என்பதால் நாம் கடைசி வரிசை. மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயா தமிழ்நாட்டில் கிடையவே கிடையாது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தையும் நம்பாதே. எல்கேஜி உள்ள பள்ளியில் அந்த இடங்கள் எல்கேஜியிலேயே நிரம்பிவிடும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிபிஎஸ்இதான் என்று முடிவெடுத்தால் ஒரு எச்சரிக்கை. "சிபிஎஸ்இ முறை" என்று பலகை வைத்திருப்பதும் சிபிஎஸ்இ இணைப்பு பெற்றிருப்பதும் வேறு வேறு. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையின் பெயரை வாரியத்தில் பதிவு செய்யும்போதுதான் குட்டு வெளிப்படும். வேறு ஏதோ ஒரு பள்ளியின் பெயரில் பதிவு செய்வார்கள். இணைப்பு எண்ணை வாங்கி வாரிய இணையதளத்தில் போட்டுப் பார். எந்த வகுப்பு வரை, எந்த ஆண்டு வரை என்று அதிலேயே இருக்கும். மெட்ரிக் என்றால் அங்கீகார ஆணையைக் கேள். கட்டணத்தை அரசின் கட்டண நிர்ணயக் குழுதான் பள்ளிவாரியாக விதிக்கிறது. அந்தத் தொகையைக் கேட்டுக்கொண்டு ரசீதோடு ஒப்பிடு. நன்கொடை, சேர்க்கைக்கு முன் பிள்ளைக்குத் தேர்வு இரண்டுமே சட்டப்படி கூடாது.

கேந்திரிய வித்யாலயாவைத் தவிர எங்கே சேர்த்தாலும் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம், 2006 சட்டப்படி. சிபிஎஸ்இ பள்ளிக்கும் உண்டு. பேத்திக்குப் பேசத்தான் வருகிறது. இப்போதே எழுத்து கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடு, இல்லாவிட்டால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் அவளைப் படுத்திவிடும்.

மாற்றுச் சான்றிதழை ஏப்ரலிலேயே எழுதிக் கொடுத்துக் கேட்டுவிடு. வெளிமாநிலச் சான்றிதழ் என்றால் அங்குள்ள கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்கும் பள்ளிகள் உண்டு. ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு அதை வாங்குவது பெரும்பாடு. சான்றிதழ் தாமதமானாலும் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. பேரனின் பிறப்புச் சான்றிதழ் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அப்பா