செல்விக்கு, பாப்பா ஊருக்குப் போன பிறகு

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதறது. தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும் இருக்கு, காசிமேட்டுல நல்ல மீன் இல்ல. நெத்திலிக் கருவாடு மட்டும் கட்டி அனுப்பியிருக்கேன். அப்பாவுக்கு சுகர் பரவாயில்ல. மெசேஜ் போட்டா நீ கட்டைவிரல் பொம்மையைத்தான் அனுப்பறே, அதான் கடுதாசி.

பாப்பா தூக்கத்தைப் பத்தி சொல்லணும். இந்த டீன் ஏஜ்ல எட்டுல இருந்து பத்து மணி நேரம் தூங்கணும். வயசுக்கு வந்த பிறகு உடம்போட கடிகாரம் ஒண்ணு ரெண்டு மணி நேரம் பின்னால தள்ளிப்போயிடும். பத்து மணிக்குப் படுன்னா படுப்பா, தூக்கம் வராது. காலையில எழுந்திருக்கலன்னு திட்டாதே. அஞ்சு மணி டியூஷனை நிறுத்து. ராத்திரி போன் எல்லாம் ஹால்ல சார்ஜ்ல கிடக்கட்டும், உன்னுதும் மாப்பிள்ளையோடதும் சேர்த்து. அவளோடதை மட்டும் பிடுங்கினா அது தண்டனை.

திமிரு கூடிப்போச்சுன்னு சொன்னே. இந்த வயசுல மனச்சோர்வு அழுகையா வராம, பல நேரம் எரிச்சலாத்தான் வெளியே வரும். ரெண்டு வாரத்துக்கு மேல சாப்பாடு, தூக்கம் மாறிக் கிடந்து, பிடிச்சதையும் தொடலன்னா அதைத் திமிருன்னு தள்ளக்கூடாது. தாத்தாவை ஜெயிக்காம எழுந்திருக்காதவ, இந்த லீவுல கேரம் போர்டுப் பக்கமே வரல.

அக்னி நட்சத்திரத்துலகூட அவ முழுக்கைச் சட்டையைக் கழட்டலையே செல்வி. ஃபேஷன்னு சொன்னே. இருக்கலாம், இருந்தா நல்லது. ஆனா கையைப் பாரு. கீறிக்கிற பிள்ளைங்க பெரும்பாலும் சாகணும்னு கீறறதில்ல, உள்ள தாங்க முடியாததைக் கொஞ்ச நேரம் அடக்கத்தான். ஆனா அந்தப் பிள்ளைங்களுக்குத் தற்கொலை ஆபத்தும் அதிகம். நாலு பேர் பார்க்கத்தான் பண்றான்னு யாராவது சொன்னா, அப்புறம் எதுக்கு மறைக்கறான்னு கேளு.

எதிர்ல உக்கார வச்சு விசாரிக்காதே. ஸ்கூட்டர்ல போகும்போது, வெங்காயம் உரிக்கும்போது, மாப்பிள்ளை இல்லாத நேரமாப் பேசு. ‘ஏன்’னு ஆரம்பிக்காதே. ‘கொஞ்ச நாளா நீ சரியா இல்லன்னு தோணுது, எனக்குக் கவலையா இருக்கு’ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கோ. பதில் வர நேரமாகும். அந்த நேரத்துல புத்தி சொல்ல உனக்கு நாக்கு துடிக்கும், பல்லைக் கடிச்சுக்கோ. செத்துப்போயிடலாம்னு தோணுதான்னு நேராவே கேளு. கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுக்காதே. இனிமே செய்யமாட்டேன்னு சத்தியமும் வாங்காதே, மீறினா அடுத்த தடவை இன்னும் நல்லா மறைச்சுடுவா. திட்டாதே.

புதுக் காயம் இருந்தா ஓடற தண்ணியில கழுவி, சுத்தமான துணியால பத்து நிமிஷம் எடுக்காம அழுத்திப் பிடி. வாய் பிளந்திருந்தா தையல் வேணும், டி.டி. ஊசியும் கேளு. வீட்டு மாத்திரை, எலி மருந்து எல்லாத்தையும் பூட்டி வை. எதையாவது விழுங்கிட்டான்னு தெரிஞ்சா, நல்லாத்தானே இருக்கான்னு காத்திருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ.

தனியா அந்த ஊர்ல வேலையையும் குடும்பத்தையும் நிமிர்த்தி வச்சவ நீ. ராயபுரத்துல உன்னைக் காட்டித்தான் மத்த பொண்ணுங்களைத் திட்டறாங்க. ஆனா வீட்டுல ஒண்ணு சரியில்லன்னு சொல்ல மட்டும் உனக்கு வாய் வராது. சின்ன அத்தை விஷயத்துல எல்லாரும் ‘தானா சரியாயிடும்’னு சொன்னதை மறந்துட்டியா?

பெங்களூருலயே நிம்ஹான்ஸ்னு பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கு, பிள்ளைங்களுக்குன்னு தனிப் பிரிவும் இருக்கு. நம்ம பக்கம் கீழ்ப்பாக்கம்னு சொல்லிக் கேலி பண்ற மாதிரி அங்கயும் ஏதாவது சொல்லுவாங்க, சொல்லட்டும். போகத் தயக்கமா இருந்தா முதல்ல 14416க்குப் போன் பண்ணு, அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர். ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும் எடுப்பாங்க, காசில்ல, தமிழ்லயே பேசலாம். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது, பேச்சு சிகிச்சையிலயே நிறைய பேர் தேறுவாங்க. மாத்திரை கொடுத்தா வேலை செய்யச் சில வாரம் ஆகும். ஆரம்பத்துல அவமேல கூடுதலாக் கண்ணு வச்சுக்கோ. நல்லாயிட்டான்னு நீயா நிறுத்திடாதே.

மாப்பிள்ளைகிட்ட எப்ப சொல்றதுன்னு நீ பாத்துக்கோ. கையைப் பாத்தியா இல்லையான்னு மட்டும் எனக்குச் சொல்லு. வரச் சொன்னா மறுநாள் காலையில பிருந்தாவன்ல ஏறிடுவேன்.

அம்மா