அப்பாவுக்கு, பெர்லினிலிருந்து

பெர்லின்,
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போனில் அம்மா சாப்பாட்டை விசாரித்து முடிப்பதற்குள் எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிடுகிறது. பின்னாலிருந்து நீங்கள் "அக்ரிமெண்ட் போட்டாச்சா? அட்வான்ஸ் எவ்வளவு? பேப்பரெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்பது காதில் விழுகிறது, பதில் சொல்லத்தான் வாய்ப்பதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீடு. மூன்று அறை உள்ள வீட்டில் ஒரு அறை எனக்கு. மற்ற இரண்டில் ஒரு நர்ஸும் ஒரு கல்லூரி மாணவியும் இருக்கிறார்கள். சமையலறை, குளியலறை பொது. வாடகை 620 யூரோ. ஹீட்டர், தண்ணீர், குப்பை எடுக்கிற செலவு எல்லாம் அதிலேயே அடக்கம், கரண்டும் இன்டர்நெட்டும் தனி. அட்வான்ஸ் விஷயத்தில் உங்களுக்கு இந்த ஊர் பிடித்துப்போகும். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, அதையும் ஹீட்டர் செலவையெல்லாம் கழித்த வாடகைக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். வாங்கிய பணத்தை வீட்டுக்காரர் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வட்டியோடு வைத்திருக்க வேண்டும்.

தனி வீடு எடுக்காததற்குக் காரணம் வாடகை மட்டும் இல்லை. இங்கே பல வீடுகளில் சமையலறை என்றால் நான்கு சுவரும் ஒரு குழாய் இணைப்பும்தான். பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் பழைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போய்விடுவார், இல்லையென்றால் நம்மிடமே விலை சொல்லி விற்பார். என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது கூரையில் பல்புகூட இல்லாமல் ஒயர்தான் தொங்கியதாம். முதல் ராத்திரி போன் வெளிச்சத்தில்தான் பெட்டியைப் பிரித்திருக்கிறார்.

இப்போது உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: பேப்பர். இந்த நாட்டைப் பற்றி நாம் என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தோம். நிஜத்தில் இங்கே எல்லாமே தபாலில்தான் நடக்கிறது. ஏடிஎம் கார்டு ஒரு நாள் ஒரு உறையில் வரும், அதன் ரகசிய எண் வேறொரு நாள் வேறொரு உறையில் வரும். மருத்துவக் காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாமே அப்படித்தான். தபால்காரர் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். தெருவும் கட்டட எண்ணும்தான் விலாசத்தில் எழுதுவது, அதற்குள் எந்த ஃப்ளாட், எந்த மாடி என்று எழுதுவதில்லை. பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

அதனால் குடிவந்த அன்றே வீட்டுக்காரர் என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். எழுபது வயது இருக்கும், முதல் மாடியில் தனியாக இருக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து ஒரு சின்ன லேபிள் மெஷினில் அடித்தார். நீளமான பெயர், பட்டையில் இடம் போதவில்லை, எழுத்தைச் சின்னதாக்கி மறுபடி அடித்தார். அதைத் தபால் பெட்டியில் ஒன்றும் கீழே காலிங் பெல் பலகையில் ஒன்றும் ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். பார்த்தால் அதில் என் பெயர் இல்லை, உங்கள் பெயர். இங்கே குடும்பப் பெயரைத்தான் போடுவார்கள், பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது நீங்கள்தானே. ஆபீஸிலும் வங்கியிலும் டாக்டரிடமும் ஃப்ராவ் (பெண்களைக் கூப்பிடும் 'திருமதி' மாதிரி) என்று சொல்லி உங்கள் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை நான் திரும்பியே பார்க்கவில்லை. இப்போது பழகிவிட்டது. அம்மாவிடம் சொல்லுங்கள், சிரிப்பாள்.

அடுத்தது அன்மெல்டுங். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் இன்ன விலாசத்தில் இருக்கிறேன் என்று பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். தற்காலிகமாக அறை கொடுக்கிறவர்கள் சிலர் அந்தத் தாளைத் தரமாட்டோம் என்கிறார்கள், வாடகை மலிவாக இருந்தாலும் அப்படிப்பட்ட இடத்துக்குப் போகவே கூடாது. நான் வீடு பார்க்கும்போது முதல் கேள்வியே அதுதான். நீங்கள் வளர்த்த பிள்ளை! அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் பெரும்பாடு. பெர்லினுக்குள் எந்தக் கிளைக்குப் போனாலும் பதிந்துகொள்ளலாம் என்பதால் காலையில் இணையத்தில் எங்கே இடம் தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஊரின் மறுகோடியில் கிடைத்தது.

உள்ளே போனால் பத்து நிமிட வேலை. படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது, எதற்கு இது என்று திகைத்தேன். வரிக்காகவாம். கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சபைகளில் உறுப்பினராக இருப்பவர்களிடம் அரசாங்கமே சம்பளத்தில் பிடித்துச் சபைக்குக் கொடுக்கிறது, பெர்லினில் வருமான வரியில் 9 சதவீதம். நமக்கு அது இல்லை. அந்த அம்மாள் தாளில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்தப் பதிவுக்குப் பிறகு பெட்டி நிறையத் தொடங்கியது. பதினோரு இலக்க வரி எண் வந்தது, வாழ்நாள் முழுக்க அதே எண்தான். ரேடியோ, டிவிக்கு மாதம் 18.36 யூரோ கட்டு என்றும் ஒரு கடிதம் வந்தது. டிவியே இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது, ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். நர்ஸ் ஏற்கெனவே கட்டுகிறார், அவர் கணக்கு எண்ணை எழுதிப் போட்டுவிட்டு மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டோம். எல்லாக் கடிதத்தையும் தேதி வாரியாக ஃபைல் போட்டிருக்கிறேன். துளை போடும் மெஷினும் வாங்கிவிட்டேன்.

போக்குவரத்துக்குக் குறையில்லை. மாதம் 58 யூரோ சீட்டு ஒன்று இருக்கிறது. பாதாள ரயில், பஸ், டிராம் எல்லாம் அதிலேயே ஏறலாம், இந்த ஊரில் மட்டுமல்ல, நாடு முழுவதும் உள்ளூர் ரயில்களிலும் செல்லும். வேக ரயிலுக்கு மட்டும் ஆகாது. 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ ஆகிறது. ஸ்டேஷனில் தடுப்போ கேட்டோ எதுவும் கிடையாது, நேராக நடந்துபோய் ஏறிக்கொள்ளலாம். ஆனால் சாதாரண உடையில் பரிசோதகர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சீட்டு இல்லாவிட்டால் 60 யூரோ.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் சில திறந்திருக்கும், அங்கே கூட்டத்தைப் பார்த்தால் ஏன் போனோம் என்றாகிவிடும். அதனால் சனிக்கிழமையே பால், ரொட்டி வாங்கி வைத்துவிடுகிறோம். தண்ணீர் பாட்டில் வாங்கும்போது 25 சென்ட் கூடுதலாக வாங்கிக்கொள்கிறார்கள், காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் மெஷினுக்குள் போட்டால் அதற்கு ரசீது வரும், பில்லில் கழித்துக்கொள்ளலாம். தெருவில் குடித்துவிட்டுப் போகிறவர்கள் பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் தரையில் நிறுத்தி வைத்துவிட்டுப் போவார்கள். பொறுக்க வருகிறவர்கள் கையை உள்ளே விட வேண்டாமே என்றுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நானும் அப்படியே வைக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வாசலுக்கு முன்னால் நடைபாதையில் உள்ளங்கை அளவு பித்தளைத் தகடுகள் இரண்டு பதித்திருக்கிறார்கள். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த ஆண்டு, எந்த ஆண்டு எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்ற விவரம். ஹிட்லர் காலத்தில் கொல்லப்பட்டவர்களுக்காக வைப்பது இது. ஊரெங்கும் இருக்கின்றன. குனிந்து படித்தால்தான் தெரியும். வேலைக்குப் போகும் அவசரத்திலும் அதன் மேல் மிதித்துவிடாமல் ஒதுங்கித்தான் போகிறேன்.

இருட்டுதான் எனக்குக் கஷ்டம், அதை மறைக்க விரும்பவில்லை. நாலேகால் மணிக்கே சூரியன் போய்விடுகிறது. ஆபீஸிலிருந்து வெளியே வரும்போது நடு ராத்திரி மாதிரி இருக்கிறது, மணி பார்த்தால் ஆறுகூட ஆகியிருக்காது. அதனால்தான் சாயங்காலம் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டேன், வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்ப்பதற்கு அது மேல். ரயிலில் ஒருநாள் பின் சீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் கேட்டது. எண்பதுகளில் வந்த குடும்பமாம். இந்த ஊரிலேயே முருகன் கோயில் இருக்கிறது, வா என்றார்கள். போக வேண்டும்.

அப்புறம் நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டார்கள். இனி மார்ச் கடைசி வரை நமக்கு நாலரை மணி நேர வித்தியாசம். அம்மா காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் எனக்கு ஐந்தரை, தூக்கத்தில்தான் பேசுவேன்.

பார்சல் அனுப்புவதாக அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொடி வகைகள் அனுப்பலாம், மொத்த மதிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால் அன்பளிப்புக்குச் சுங்கம் இல்லை. என்ன இருக்கிறது, என்ன விலை என்று மேலே தெளிவாக எழுதிவிடுங்கள், உங்கள் கையெழுத்தே போதும். பால் பொருள் எதையும் வெளியிலிருந்து தபாலில் விடமாட்டார்கள், நெய்யும் அதில் சேர்த்தி. இதை நான் சொன்னால் அம்மா நம்பமாட்டாள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்