செயலாளர் ஆண்டறிக்கை: மாணவர் ஆராய்ச்சி டீம்கள்

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவை பொருளாளர் தனியா வாசிப்பார், நான் பசங்க செஞ்ச வேலைய பத்தி மட்டும் சொல்றேன்.

இந்த வருஷம் மேல்நிலை சயின்ஸ் பசங்கள டீமுக்கு 4 பேர்னு 5 டீமா பிரிச்சோம். பெத்தவங்க சம்மதக் கடிதம், லேப் பாதுகாப்பு வகுப்பு எல்லாம் முதல் வாரத்துலயே முடிஞ்சுது. 3 டீம் வேலை திட்டப்படி போச்சு, அவங்க போஸ்டர் எல்லாம் ஹால்ல ஒட்டியிருக்கு, அவசியம் பாருங்க.

குளத்துத் தண்ணி டீம பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன அளக்கிறதுதான் வேலை. 20 டிகிரியில நல்ல தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரைக்கும் பிடிச்சு வச்சுக்கும், 30 டிகிரி ஆச்சுன்னா சுமார் 7.5 தான். ஆனா இவங்களுக்கு மத்தியான வெயில்ல 11 காட்டுச்சு. எப்படின்னு எல்லாரும் மண்டைய பிச்சுக்கிட்டு இருக்கும்போது, வாயே திறக்காம நோட்டு எழுதிட்டு இருந்த பொண்ணு பக்கத்த திருப்பிப் பாத்துட்டு, "ரெண்டு வாரமா மீட்டர காலிபரேஷன் பண்ணதாவே எழுதலயே அக்கா"ன்னு கைடுகிட்ட சொல்லுச்சு. காலிபரேஷன்னா, அளவு தெரிஞ்ச ஒண்ண வச்சு மீட்டர் சரியா காட்டுதான்னு பாத்து சரிபண்றது. அத பண்ணாததால ரெண்டு வார டேட்டாவும் போச்சு, பசங்க அழுதே விட்டாங்க. மறுபடி தினமும் காலிபரேட் பண்ணி, விடியக்காலை ஒருதரம் மத்தியானம் ஒருதரம்னு அளந்தாங்க. காலையில 4, மத்தியானம் அதே 11! வெயில்ல பாசி ஒளிச்சேர்க்கை பண்ணி ஆக்சிஜன அளவுக்கு மீறி விடுது, ராத்திரி எல்லா உயிரும் சேந்து அத சுவாசிச்சு தீர்த்துடுது. அப்போ முதல்ல வந்த 11ம் சரியாவே இருந்திருக்கலாம், ஆனா காலிபரேட் பண்ணாத மீட்டர்ல வந்த நம்பர வச்சு எதையும் சொல்ல முடியாதுன்னு பசங்களே ரிப்போர்ட்ல எழுதியிருக்காங்க. அத படிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு டீமுக்கு ஒத்துக்கிட்டிருந்த லேப் கடைசி நேரத்துல கைய விரிச்சிடுச்சு, அதனால கம்ப்யூட்டர் இருந்தா போதும்னு குறுங்கோள் (சூரியன சுத்துற சின்னச் சின்ன பாறை) தேடுற வேலைக்கு மாத்தினோம். இன்டர்நேஷனல் அஸ்ட்ரனாமிக்கல் சர்ச் கொலாபரேஷன் மூலமா ஹவாய்ல இருக்கிற பான்-ஸ்டார்ஸ் டெலஸ்கோப் படங்கள் வரும், ஒரே இடத்த கொஞ்ச நேரம் விட்டு விட்டு எடுத்த 4 படத்த அஸ்ட்ரோமெட்ரிகா சாஃப்ட்வேர்ல மாத்தி மாத்தி ஓட்டணும், நட்சத்திரம் எல்லாம் நின்ன இடத்துல நிக்கும், ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தா அது குறுங்கோளா இருக்கலாம். ரெண்டு பேர் தனித்தனியா பாத்து ரெண்டு பேரும் ஆமான்னு சொன்னாத்தான் அனுப்பணும்னு அந்த டீமே ரூல் வச்சுக்கிச்சு. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: முதல்கட்டமா பதிவாகிறது வேற, கண்டுபிடிப்புன்னு உறுதியாகிறது வேற, அதுக்கு வருஷக்கணக்குல ஆகும். தயவுசெஞ்சு அவசரப்பட்டு ஸ்டேட்டஸ் போடாதீங்க, பசங்களுக்குத்தான் சங்கடம்.

ஒரு குறைய சொல்லியே ஆகணும். சில டீம்ல கருவிய தொடுறது எப்பவும் ஒரே பையன், நோட்டு எழுதுறது எப்பவும் ஒரே பொண்ணு. வருஷப் பாதியில தான் கவனிச்சோம், முன்னாடியே பாத்திருக்கணும். அதுக்கப்புறம் வாராவாரம் வேலைய சுத்தி விட்டோம், காலிபரேஷன் பண்ணலங்கிறத கண்டுபிடிச்ச பொண்ணு மீட்டர கையில வாங்கினதே அதுக்கப்புறம்தான். இத அடுத்த வருஷத்துலேர்ந்து நிரந்தர விதியா தீர்மானம் போட்டு நிறைவேத்தித் தரணும்னு பொதுக்குழுவ கேட்டுக்கிறேன்.

ஜெனிவாவுல இருக்கிற செர்ன்ங்கிற துகள் இயற்பியல் ஆராய்ச்சி மையம் 2014லேர்ந்து ஸ்கூல் பசங்களுக்கு நடத்துற பீம்லைன் போட்டிக்கு (துகள் கற்றைய வச்சு செய்யிற சோதனைக்கு பசங்களே திட்டம் போட்டு அனுப்பணும்) அடுத்த தடவை அனுப்பலாம்னு ஆசை, அதுக்கு டீம்ல குறைஞ்சது 5 பேர் வேணும், பிசிக்ஸ் தெரிஞ்ச கைடு ஒருத்தரும் வேணும். நேரம் ஒதுக்க முடிஞ்ச உறுப்பினர்கள் கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட பேர் குடுத்துட்டுப் போங்க.

இப்படிக்கு,
செயலாளர்