மன்றாட்டு: அப்பாவுக்கு ஒரு கடிதம்

அப்பா,

வருகிற ஞாயிறு உங்கள் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. பூசையில் மக்கள் சார்பில் சொல்லும் விசுவாசிகள் மன்றாட்டை நான் வாசிக்கிறேன் என்று நேற்று ராத்திரி தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "தாள் அனுப்பட்டா, நீயே எழுதிக்கிடுவியா?" என்றான். அனுப்பு என்றேன்.

உங்கள் டிரங்குப் பெட்டியில் இருந்த கறுப்பு அட்டை நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. பூசையில் சாமியாருக்கு உதவும் பீடச்சிறுவனாக நீங்கள் இருந்தபோது லத்தீன் மறுமொழிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் பண்ணிய நோட்டு. 'எத் கும் ஸ்பிரித்து துவோ.' 'ஓரா ப்ரோ நோபிஸ்.' ஒரு பக்கத்தில் 'ஓரேமுஸ்'. அதற்குப் பக்கத்தில் வேறு மையில், கை முதிர்ந்த எழுத்தில், 'மன்றாடுவோமாக'. 1963 டிசம்பரில், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவிட்டது. பூசை தமிழுக்கு வந்தபின் எழுதிச் சேர்த்திருப்பீர்கள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரமாக அகராதிகளோடு உட்கார்ந்திருக்கிறேன். ஓரேமுஸுக்கு வேர் 'ஓராரே'. பேசு, வழக்கை எடுத்துரை, கெஞ்சு, செபி எல்லாம் அதற்குள் அடக்கம். கி.மு. 450 வாக்கில் ரோமில் எழுதிய பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. சட்டம் படித்தபோது அந்தச் சட்டத்தைப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டேன், இந்தச் சொல் கண்ணில் படவில்லை. ரோமானிய வக்கீல் சிசெரோ கி.மு. 55இல் பேச்சுக்கலை பற்றி எழுதிய நூலுக்குத் தலைப்பே 'ஓராத்தோர்' பற்றி என்பதுதான். ஓராத்தோர் என்றால் பேச்சாளன். அவர் பேசியதெல்லாம் பெரும்பாலும் கோர்ட்டில். அவருக்கு 'ஓராத்தியோ' என்றால் வாதம், சொற்பொழிவு. சில நூற்றாண்டு கழித்து லத்தீன் பேசிய கிறிஸ்தவர்களுக்கு அதே ஓராத்தியோ செபமாகிவிட்டது. வாரோ என்ற ரோமானிய அறிஞர், வாயைக் குறிக்கும் 'ஓஸ்' என்பதிலிருந்து இது வந்தது என்றார். இப்போதைய ஆய்வாளர்கள் பலர் கிரேக்கத்து 'ஆரா'வைப் பக்கத்தில் வைக்கிறார்கள். ஆரா என்றால் வேண்டுதல். சாபத்துக்கும் அதே சொல்தான்.

தமிழில் இதற்கு 'மன்றாடு' என்ற சொல்லை எடுத்தவர் யாராக இருந்தாலும் கும்பிடவேண்டும். மன்று, ஊர் கூடி நியாயம் பேசும் இடம். சொல்லாடு, வாதாடு, வழக்காடு மாதிரி மன்றாடு. மன்றில் நின்று வழக்குரைப்பதும் மன்றாட்டு, முழங்காலில் நின்று கெஞ்சுவதும் மன்றாட்டு. நான் கறுப்பு கவுன் போட்டு நிற்கும் இடத்துக்கும் நீதிமன்றம் என்றுதானே பெயர்? இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்கும்: சோழர் கல்வெட்டுகளில் மன்றாடி என்றால் ஆடு மேய்ப்பவர். கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு அவர் பொறுப்பில் விடுவார்கள். நல்லாயன் ஞாயிறன்று சாமியாரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பீர்கள்.

இதையெல்லாம் அன்றைக்கே தெரிந்துவைத்திருந்தால் அந்த டீக்கடை வாசலில் உங்களுக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

எந்த வழக்கு, யார் வீட்டுப் பையன் என்று எழுதமாட்டேன். ஊரில் நிறையப் பேர் இதை வாசிப்பார்கள், அவன் இப்போது குடும்பமாகிவிட்டான். அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீங்கள் கோர்ட்டுக்கு வந்தீர்கள். ஹால் வாசலில் செருப்பைக் கழற்றி, கோயில் படியில் விடுவதுபோல் ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தீர்கள். என் ஜூனியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாட்டிக்கிட்டு வாங்கப்பா" என்று பல்லைக் கடித்துச் சொன்னேன். நீங்கள் மாட்டவில்லை. வெறுங்காலோடு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தீர்கள். அந்தக் கடுப்புக்கு மன்னிப்புக் கேட்கிறேன் அப்பா, எந்தச் சாக்கும் சொல்லாமல்.

இருபது நிமிடம் பேசினேன். எதிர்த்தரப்பு வக்கீலே பிறகு வந்து கை கொடுத்தார். ஜாமீன் அன்றைக்குக் கிடைக்கவில்லை. டீக்கடையில் கிளாசை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டீர்கள்:

"ஏல, நீ யார்கிட்ட பேசுன? ஜட்ஜ் ஐயாகிட்டயா, பின்னால இருந்தவங்ககிட்டயா? செபம் சொல்றவன் திரும்பிப் பாக்கமாட்டான். நீ ரெண்டு தடவ பாத்த."

அந்த அம்மா பக்கத்தில்தான் நின்றார். அவர் முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். பதினோராம் நாள் அவனை வெளியே கொண்டுவந்தது இந்த வாய்தானே? காசு வாங்கினேனா? அதை ஒருநாளாவது சொன்னீர்களா? நானும் மூன்று வருஷம் உங்களோடு சரியாகப் பேசவில்லை. பேசாமல் இருந்தது தப்பு. ஆனால் நீங்களும் கூப்பிடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உபதேசியாராக எத்தனையோ துக்க வீட்டில் செபம் சொன்னீர்கள். சின்ன வயதில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் வந்தவன் நான். உங்கள் குரல் தழுதழுக்கும் இடம் எப்போதும் ஒரே இடம்தான் அப்பா. 'இந்த ஆன்மாவின் குறைகளைப் பாராமல்' என்று தொடங்கி, 'பாராமல்'இல் நிற்பீர்கள். கூட்டம் அங்கே உடைந்து அழும். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை, அதில் அழுதவர்கள் இதை வாசிக்கிறார்கள். பேச நான் கற்றுக்கொண்டது அங்கேதான். எங்கே நிறுத்தினால் ஆட்கள் அசைவார்கள் என்று எனக்குக் காட்டியது நீங்கள். நீங்கள் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை, அது உண்மை. பார்க்கவேண்டிய அவசியமும் உங்களுக்கு இருக்கவில்லை.

அடக்கத்தன்று தம்பி நீட்டிய மன்றாட்டுத் தாளை நான் வாங்கவில்லை. வக்கீலுக்குக் கோயிலில் வாய் வரவில்லை என்று ஊர் பேசியதாம். வாயைத் திறந்திருந்தால் நன்றாகப் பேசியிருப்பேன். அதுதான் பயம். 'பாராமல்'இல் நிறுத்தியிருப்பேன். நிறுத்திவிட்டு, உங்கள் பெட்டியைத் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்திருப்பேன்.

தம்பி அனுப்பிய தாளில் ஐந்து மன்றாட்டுகள். திருச்சபைக்கு, நாட்டுத் தலைவர்களுக்கு, கடலுக்குப் போகிறவர்களுக்கு, நோயாளிகளுக்கு, ஐந்தாவது உங்களுக்கு. அதில் 'சிறந்த பேச்சாளரும்' என்று ஒரு சொல் போட்டிருந்தான். அடித்துவிட்டேன். உங்கள் பெயரும் நீங்கள் இறந்த தேதியும் மட்டும் இருக்கின்றன. 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று மக்கள் சொல்லும்போது பீடத்தைப் பார்த்து நிற்பேன்.

ஆறரை மணிப் பூசை. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறேன். உங்கள் நோட்டைக் கொண்டுவருகிறேன், அம்மா கேட்டாள்.