விற்ற விலையைச் சொல்லுங்கள்: பழைய பொருள் இணையச் சந்தைகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

அம்மா இருபது வருடத்துக்கு மேல் தைத்த தையல் மெஷின் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பார்வை மங்கி, இனி ஊசியில் நூல் கோர்க்க முடியாது என்று அம்மாவே சொன்ன பிறகு, அதை விற்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மோட்டார் நன்றாக ஓடியது. பாபின் கேஸ் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்ன விலை போடுவது என்பதுதான் தெரியவில்லை. உங்களில் நான்கு பேருடைய தளங்களைத் திறந்து அதே மாடலைத் தேடினேன். ஒருவர் அடிமாட்டு விலை கேட்டிருந்தார், இன்னொருவர் அதைப் போல நான்கு மடங்கு. பயந்துபோய் கீழ்விலையை ஒட்டியே போட்டேன். அரை மணி நேரத்தில் செய்திகள் வந்து குவிந்தன. முதலில் கேட்டவருக்கே கொடுத்தேன். மூன்றாம் நாள், அதே மெஷின், மூடியில் அதே கீறல், நான் விற்றதைப் போல இரண்டு மடங்கு விலையில் வேறொரு தளத்தில் ஏறியிருந்தது.

வாங்கியவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பழைய மெஷின் வாங்கி விற்பது அவருடைய தொழிலாக இருக்கலாம், நிலவரம் அவருக்கு அத்துப்படி. எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த மாடல் கடந்த சில மாதங்களில் எத்தனை கைமாறியது, என்ன விலைக்குப் போனது, எத்தனை நாளில் போனது என்பதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் எங்களுக்குச் சொல்வதில்லை என்பதுதான் என் குறை.

தேடும்போது எங்கள் கண்ணில் படுவது என்ன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நியாயமான விலையில், நல்ல நிலையில் வந்த பொருள் அன்றே விற்றுப்போகிறது, விளம்பரமும் மறைந்துவிடுகிறது. யாரும் தொடாத யானை விலைக்காரர்களும், குறையுள்ளதை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பவர்களும்தான் வாரக்கணக்கில் பக்கத்தில் தங்குகிறார்கள். ஆக, வாங்க ஆளில்லாத விலைகளை வைத்துத்தான் நாங்கள் சந்தை நிலவரத்தைக் கணக்குப் போடுகிறோம். விற்பவர் ஏமாறுகிறார், சில நேரம் வாங்குபவரும் ஏமாறுகிறார். கேட்கும் விலை வேறு, போகும் விலை வேறு என்பது பழைய சாமான் வியாபாரத்தில் ஒரு நாள் நின்றவருக்குக்கூடத் தெரியும்.

உங்களில் சிலர் இதைச் செய்கிறீர்கள், அதைச் சொல்லாமல் விட்டால் தவறு. அமெரிக்கத் தளமான ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம், ஏறக்குறைய 90 நாள் வரை பின்னால் போகலாம். பேரம் பேசி முடித்தவற்றில் மட்டும் முதலில் போட்ட விலை அடித்துக் காட்டப்படும், முடிந்த தொகை தெரியாது. அதையும் காட்டினால் முழுமையாகும். ஜப்பானில் 2013இல் தொடங்கிய மெர்காரியில் விற்ற பொருளின் பக்கம் விலையோடு அப்படியே நிற்கிறது. அங்கே வீட்டில் கிடக்கும் ஒரு பொருளுக்கு என்ன விலை போடலாம் என்று பார்க்க யாரிடமும் போய் நிற்க வேண்டாம், தேடினாலே போதும்.

மற்றவர்களில் ஒரு பகுதியினர் எனக்குச் சொல்லப்போகும் பதில் தெரியும். "நாங்கள் அறிவிப்புப் பலகை மட்டும்தான், பேரமும் பணமும் எங்களுக்கு வெளியே நடக்கிறது." அமெரிக்க விளம்பரத் தளமான கிரெய்க்ஸ்லிஸ்ட் 1995இல் ஒரு மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கியது இப்படித்தான். 2006இல் வந்த ஓஎல்எக்ஸ், 2016இல் வந்த ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் ஆகியவற்றிலும் நேரில் பார்த்துக் கையில் காசு கொடுத்து வாங்குவது பெருமளவில் நடக்கிறது. கமிஷன் இல்லை, பார்சல் கட்ட வேண்டாம், கட்டில் பீரோ போன்ற பெரிய சாமானுக்கு இதைவிட வசதியான வழி இல்லை. எல்லாம் சரி. ஆனால் விளம்பரத்தை நீக்கும்போது "பொருள் விற்றுவிட்டதா?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். அதற்குக் கீழே இன்னும் ஒரே ஒரு கட்டம் வைத்து, "எவ்வளவுக்கு?" என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். பொருள், நிலை, மாதம், தொகை, இவ்வளவே போதும். சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் பதிலே தர மாட்டார்கள். ஆயிரம் பேர் சொன்னதை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் தொகையை எடுத்தால், விற்காமல் கிடக்கும் விளம்பரங்களைவிட அது எவ்வளவோ மேலான வழிகாட்டி.

பழைய பொருள் சந்தை எதனால் கெடுகிறது என்பதைப் பொருளியல் எப்போதோ விளக்கிவிட்டது. 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர் எழுதிய கட்டுரை பழைய கார்களைப் பற்றியது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகத்தோடு பார்த்துக் குறைத்துக் கேட்கிறார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார், விலகிக்கொள்கிறார். கடைசியில் சந்தையில் மோசமான கார்களே மிஞ்சுகின்றன. இந்தத் துறையில் செய்த பணிக்காக 2001இல் அவருக்கும் வேறு இருவருக்கும் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கட்டுரையில் இருவர்தான், தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர். இன்று மூன்றாவதாக நீங்கள் வந்திருக்கிறீர்கள், விற்பவரையும் வாங்குபவரையும்விட அதிகம் தெரிந்தவராக.

உண்மையைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் தேவையில்லை. 1995இல் பியர் ஒமிடியார் தொடங்கிய தளம்தான் பின்னாளில் ஈபே ஆனது. அங்கே முதலில் விற்றது பழுதான லேசர் பாயிண்டர் ஒன்று. பழுதானது என்று சொல்லியே விற்றது, 14.83 டாலருக்குப் போனது.

நிலை என்ற சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும், அதில் நான் பட்டிருக்கிறேன். கேமரா லென்ஸ் ஒன்றை ஒரு தளத்தில் வாங்கினேன். "நல்ல நிலை" என்று போட்டிருந்தது. படங்களிலும் பளிச்சென்று இருந்தது. வந்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன், அவருக்கு அப்படிப் பார்க்கத் தெரிந்திருக்காது. தளத்தில் முறையிட்டேன். "விவரிப்புக்கு மாறாக இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அங்கே லென்ஸுக்கும் நாற்காலிக்கும் ஒரே நிலைப் பட்டியல்தான். மெர்காரி நிலையை ஆறு படியாகப் பிரித்திருக்கிறது, அது நல்ல தொடக்கம். ஆனால் படிகளைவிடக் கேள்விகள்தான் உதவும். லென்ஸ் என்றால் டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். போன் என்றால் பேட்டரியின் திறன் எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் திரையைக் கேளுங்கள். தையல் மெஷின் என்றால் துணியில் நாலு விரல் தையல் போட்ட வீடியோ. ஃபிரிட்ஜ் என்றால் கம்ப்ரசர் மாற்றியதா, கேஸ் நிரப்பியதா. அந்தந்தப் பொருளைப் பழுது பார்ப்பவர் ஒருவரை உட்காரவைத்துக் கேட்டாலே ஒரு நாளில் கேள்விகளை எழுதித் தந்துவிடுவார். இப்படிக் கேட்டால், தெரியாமல் சொல்பவருக்கும் தன் பொருளைப் பற்றித் தெரியவரும்.

கட்டண விஷயத்தில் உங்களை ஒப்பிடுவது உண்மையிலேயே கடினம். லிதுவேனியாவில் 2008இல் பிறந்த விண்டெட் என்ற பழைய உடைத் தளம் விற்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை, பாதுகாப்புக் கட்டணம் என்று வாங்குபவரிடம் வாங்குகிறது. ஈபே 2024 அக்டோபரில் பிரிட்டனில் தனிநபர் விற்பனைக்கான கட்டணத்தைப் பெரும்பாலான பொருள்களுக்கு எடுத்தது, 2025 பிப்ரவரியில் வாங்குபவர் மேல் பாதுகாப்புக் கட்டணம் வைத்தது. அமெரிக்காவில் மெர்காரி 2024 மார்ச்சில் விற்பவர் கட்டணத்தை நீக்கி, 2025 ஜனவரியில் 10 சதவீதமாகத் திரும்பக் கொண்டுவந்தது. யார் பையிலிருந்து எடுத்தாலும் அது ஒரே பணம்தான். வாங்குபவர் தான் மொத்தமாகக் கொடுக்கப்போவதை மனதில் வைத்துத்தான் பேரம் பேசுகிறார், அந்தச் சுமை விற்பவர் மேலும் வந்து இறங்குகிறது. பணத்தைப் பிடித்து வைத்து, பொருள் கைக்கு வந்த பிறகு விற்பவருக்கு விடுவிக்கும் தளம் அதற்காகக் கட்டணம் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பாதுகாப்புக்கு மதிப்பு உண்டு. நான் கேட்பது, முதல் பக்கத்திலேயே இரண்டு தொகை: வாங்குபவர் கையிலிருந்து போவது எவ்வளவு, விற்பவர் கைக்கு வருவது எவ்வளவு. பணம் கட்டும் கடைசித் திரையில் புதிதாக ஒரு வரி முளைக்கக் கூடாது.

நற்பெயருக்கும் இதே கதைதான். தென் கொரியாவில் 2015இல் தொடங்கிய கேரட் என்ற தளம், பக்கத்துப் பகுதியில் இருப்பவர்களுக்குள்ளேயே வியாபாரம் நடக்கும்படி இருப்பிடத்தைச் சரிபார்க்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வெப்பநிலை தருகிறது. 36.5 டிகிரியில், அதாவது மனித உடம்புச் சூட்டில் தொடங்கி, நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. நட்சத்திரங்களைவிட மனிதத்தனம் இதில் இருக்கிறது. ஈபேயில் 2008 முதல் விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறைக் குறிப்பு எழுத முடியாது. பழிக்குப் பழியாகக் குறிப்பு எழுதுவதைத் தடுக்கத்தான் அப்படிச் செய்தார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் வருகிறேன் என்று சொல்லி வராதவர், ஒத்துக்கொண்டு பணம் கட்டாதவர் யார் என்பது அடுத்த விற்பவருக்குத் தெரியவும் வழி வேண்டும். ஒருவர் எத்தனை முறை ஒத்துக்கொண்டு பின்வாங்கினார் என்ற எண் உங்களிடம் இருந்தால், அதை அவர் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள். ஒரே அழுத்தில் போகும் "இது இன்னும் இருக்கிறதா?" என்ற தயார் செய்திக்குப் பதில் எழுதி எழுதிச் சலித்த விற்பவர்கள் எல்லோரும் இதற்கு நன்றி சொல்வார்கள்.

போன் விற்கும் பகுதியை மட்டும் தனியாகக் குறிப்பிடுகிறேன், அங்கே நஷ்டப்படுபவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் காசு சேர்த்து முதல் போன் வாங்க வருகிறவர்கள். ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐஎம்இஐ என்ற அடையாள எண் உண்டு, *#06# அழுத்தினால் திரையில் வரும். திருட்டுப்போன போன்களின் பட்டியலோடு அதை ஒத்துப் பார்க்கும் சேவைகளும் உண்டு. விளம்பரம் ஏறும் முன்பே அந்தச் சோதனையை நீங்கள் செய்யலாம், எண்ணை வெளியே காட்ட வேண்டியதில்லை. பழைய உரிமையாளரின் கணக்கோடு பூட்டிய ஐபோனை வாங்கியவர் வெறும் கண்ணாடித் துண்டைத்தான் வாங்கியிருக்கிறார். 2013 முதல் அந்தப் பூட்டு இருக்கிறது, "பூட்டு நீக்கியாயிற்று" என்று காட்டும் திரையின் படத்தைக் கட்டாயமாக்க இன்னும் ஏன் தயக்கம்? விற்பவரை ஏமாற்றும் கும்பல் வேறு இருக்கிறது. "பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் குறியை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பார்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அந்த ஒரு வரியை அரட்டைப் பெட்டியின் தலையில் நிரந்தரமாக எழுதி வையுங்கள்.

பிடிக்காவிட்டால் வேறு தளத்துக்குப் போங்கள் என்று எங்களிடம் சொல்லாதீர்கள். கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விற்க முடியும். 2024 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுக்கு ஏறக்குறைய 80 கோடி யூரோ அபராதம் விதித்தது, சமூக வலைத்தளத்தோடு விளம்பரச் சந்தையைச் சேர்த்துக் கட்டியது அதற்கு ஒரு காரணம். போட்டியாளர்களே அந்தக் கூட்டத்தோடு போட்டியிட முடியாமல் முறையிடும்போது, ஒரு தையல் மெஷினை விற்க வந்த நான் எங்கே போவது?

அம்மாவிடம் இரண்டு மடங்கு விலை விஷயத்தை நான் சொல்லவில்லை. மெஷினை யாராவது ஓட்டுகிறார்களா என்று மட்டும் அவ்வப்போது கேட்கிறார். வீட்டில் இன்னும் ஒரு பழைய ரேடியோவும், அப்பாவின் சைக்கிளும் இருக்கின்றன. விளம்பரத்தை நீக்கும் பக்கத்தில் அந்த "எவ்வளவுக்கு?" கட்டத்தை உங்களில் யார் முதலில் வைக்கிறீர்களோ, அவர்களிடம் அவற்றைக் கொண்டுவருகிறேன். விற்ற தொகையை உள்ளபடியே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தைகளில் விற்றும் வாங்கியும் வரும் ஒருவர்